மூன்றாம் தேர்வின் பதினோராம் பக்கம்

1

போன சனிக்கிழமை லண்டன் சட்டனில் தமிழ்ப் பள்ளி வாசலில் காருக்குள் இருந்தேன். மனைவி கோமதி அங்கே சின்ன வகுப்புக்குப் படிப்பிக்கிறாள். வகுப்பு முடிந்து அவள் வெளியே வர எப்போதும் கால் மணித்தியாலம் கூடுதலாகப் பிடிக்கும். ஒவ்வொரு தாயும் மறித்துக் கதைப்பாள். அன்றைக்கு என்னையும் ஒருவர் மறித்தார். கண்ணாடியில் தட்டினார், இறக்கினேன்.

"அண்ணை, உங்கட மகள் கனடாவில பல் வைத்தியம் படிக்கிறாவாம். அந்தச் சோதினைக்கு எத்தினை மொக் டெஸ்ட் செய்தவ?"

"பத்து" என்றேன்.

"பத்துத்தானோ? என்ர மகனுக்கு நான் முப்பது வாங்கி வைச்சிருக்கிறன்."

"பத்துக் காணும் தம்பி."

அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, நம்பவில்லை. எங்கள் சனத்துக்குள் பிள்ளையின் படிப்பைப் பற்றி ஒருவர் குறைத்துச் சொன்னால், உள்ளதை ஒளிக்கிறார் என்றுதான் எடுப்போம். நானும் அப்படித்தான் எடுத்திருப்பேன். அதற்குள் கோமதி வந்து ஏறிவிட்டாள். அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

உண்மையில் நான் ஒளிக்கத்தான் செய்தேன், அவர் நினைத்ததை அல்ல. மகள் தர்சி லண்டனை விட்டுப் போய் இந்த மாதத்தோடு எட்டு மாதம். அவள் அந்தச் சோதனைக்குப் படித்த காலத்தில் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தை இதுவரை வீட்டுக்கு வெளியே யாருக்கும் சொன்னதில்லை. கார் வாசலில் வைத்துச் சொல்லக்கூடிய கதையும் இல்லை. ஊரிலும் இப்போது பிள்ளைகளை வெளிநாட்டுச் சோதனைகளுக்கு ஆயத்தப்படுத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன். வாசித்துவிட்டுச் சிரிக்கலாம், எனக்கு ஆட்சேபனை இல்லை.

2

என்னைப் பற்றி இரண்டு வரி. தெற்கு லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருக்கிறோம். நான் பஸ் ஓட்டுகிறேன், பதினேழு வருடமாக. அநேகமாக விடியற்காலை டியூட்டி. மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டில் நிற்பேன். கோமதி ஒரு ஆரம்பப் பாடசாலையில் ஆசிரியருக்கு உதவியாளர். எங்களுக்கு ஒரே பிள்ளை, தர்சிகா.

தர்சி இங்கே உயிர் மருத்துவ விஞ்ஞானத்தில் பட்டம் எடுத்தாள். அவளுக்கு வேண்டியது அது அல்ல, பல் வைத்தியம். இங்குள்ள கல்லூரிகளுக்கு இரண்டு வருடம் விண்ணப்பித்தாள். இரண்டு வருடமும் அதே மாதிரி மரியாதையான, அழகான ஆங்கிலத்தில் மாட்டோம் என்று எழுதினார்கள். அதன்பிறகு ஒரு மருந்துக்கடையில் பகுதிநேர வேலைக்குப் போனாள். வேலையால் வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் காதில் எதையோ செருகிக்கொண்டு வந்து, சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போவாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். அதுவும் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "ஐ'ம் பைன், அப்பா."

என் தங்கை ரஜனிதான் டொரொண்டோவிலிருந்து வழி சொன்னாள். தர்சி பிறந்தது அங்கே. அவளுக்கு மூன்று வயதாகும்போது நாங்கள் லண்டனுக்கு வந்தோம். "அவளிட்ட கனடாப் பாஸ்போர்ட் எடுக்க உரிமை இருக்கெல்லே. இஞ்ச வந்து படிக்கலாம். ஒரு சோதினை எழுத வேணும், அவ்வளவுதான்" என்றாள். என் தங்கைக்கு எல்லாமே அவ்வளவுதான்.

பாஸ்போர்ட் எடுக்கவே நாலு மாதம் போனது. எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று பின்பெயர். தர்சிக்கு என் பெயர் பின்னால் வரும், எனக்கு என் அப்பாவின் பெயர், கோமதிக்கு அவளுடைய அப்பாவின் பெயர். இதைத் தொலைபேசியில் பாஸ்போர்ட் அலுவலகத்து அம்மா ஒருவருக்கு விளங்கப்படுத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் குடும்பப் பெயர் எது?" என்றார். எங்களிடம் அப்படி ஒன்று இல்லை என்றேன். "சரி, அதையே ஒரு கடிதமாக எழுதி அனுப்புங்கள்" என்றார். அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். அவர் யாரென்று தெரியாது, நன்றாக இருக்கட்டும்.

சோதனையில் உயிரியலும் இரசாயனமும் அவளுக்குப் பயமில்லை. பயம் வேறொரு பகுதியில் இருந்தது. அதில் படிக்கிறதற்கு ஒன்றுமில்லை, பார்க்கத்தான் வேண்டும். அடுக்கிய பெட்டிகளில் எத்தனைக்கு எத்தனை பக்கம் வெளியே தெரிகிறது? நாலு கோணங்களில் எது சிறிது, எது பெரிது? ஒரு தாளை இரண்டு மூன்று தரம் மடித்துத் துளை போட்டால், விரித்தபின் துளைகள் எங்கெங்கே இருக்கும்? தொண்ணூறு கேள்வி, ஒரு மணித்தியாலம். வாய்க்குள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வேலை செய்யப்போகிறவருக்கு இந்தப் பார்வை வேண்டுமாம்.

முதல் தரம் செய்து பார்த்தபோது தர்சி தொண்ணூறுக்கு நாற்பத்தொன்பது எடுத்தாள். அன்றைக்கு அவள் சொன்னது நினைவிருக்கிறது. "அப்பா, திஸ் இஸ் தி லாஸ்ட் டைம். இதுவும் சரிவராட்டி நான் விட்டிடுவன். பார்மசியிலேயே நிக்கிறன்." அழவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

3

இந்த இடத்தில்தான் நான் உள்ளே நுழைந்தேன்.

நானும் ஒரு காலத்தில் உயர்தரத்தில் உயிரியல் படித்தவன். யாழ்ப்பாணத்தில் அப்போது எங்களுக்கு ஒரே மந்திரம் பாஸ்ட் பேப்பர். பத்து வருட வினாத்தாள்களையும் திருப்பித் திருப்பிச் செய்வோம். கேள்வி இலக்கத்தைச் சொன்னாலே விடை வரவேண்டும். எண்பத்தேழாம் ஆண்டு இருபத்துமூன்றாம் கேள்வி என்றால் மூன்றாவது விடை. அப்படிச் சொல்லக்கூடியவனுக்கு ரியூஷன் கொட்டிலில் தனி மரியாதை. நான் அப்படிச் சொல்லக்கூடியவன். ஆனாலும் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குச் சொற்பம் குறைந்து வெளியே நின்றேன். ஏன் குறைந்தது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. இன்னும் இரண்டு தரம் செய்திருக்கலாம் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

தர்சி கனடா நிறுவனம் ஒன்றிடம் பத்துப் பயிற்சித் தேர்வுகள் வாங்கியிருந்தாள். கணினியிலேயே செய்யலாம். நான் விடவில்லை. "கடதாசியில செய்தாத்தான் மண்டையில நிக்கும்" என்றேன். லைப்ரரிக்குப் போய் அச்செடுத்து, ஸ்டேப்ளர் ஊசி அடித்து, உறையில் போட்டுக் கொண்டுவந்தேன். பத்தில் ஆறைத்தான் வெளியே எடுத்தேன். மிச்சம் நாலையும் கடைசிக் கிழமைக்கென்று அலுமாரியில் பூட்டினேன். பழையது நூறு வீதம் வராமல் புதியதைத் தொடக்கூடாது என்பது எங்கள் ரியூஷன் சட்டம்.

மத்தியானம் மூன்று மணிக்குச் சாப்பாட்டு மேசையில் தொடங்குவோம். கைத்தொலைபேசியில் ஒரு மணித்தியாலம் வைப்பேன். முடிந்ததும் சிவப்புப் பேனையோடு நான் விடைப்பட்டியலைப் பார்த்துத் திருத்துவேன். ஆறு தேர்வும் முடிய மறுபடி முதலாவது. நாற்பத்தொன்பது அறுபதாகி, பிறகு எழுபத்தொன்று, எழுபத்தெட்டு என்று ஏறியது. நான் குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டி, ஒவ்வொன்றையும் எழுதினேன். கோமதி அதைப் பார்த்துவிட்டு, "மார்க்ஸ் போடுறதில உங்களுக்குத்தான் புளுகம்" என்றாள்.

புளுகம்தான், பெரிய சந்தோஷம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மார்க்ஸால் மட்டும் இல்லை. பத்து வருடத்துக்குப் பிறகு என் மகள் ஒவ்வொரு நாளும் இரண்டு மணித்தியாலம் எனக்கு எதிரே இருந்தாள். திருத்தும் நேரத்தில் கதைப்பாள், மருந்துக்கடைக்கு வருகிற சனங்களைப் பற்றி. ஒரு கிழவர் தினமும் வந்து ஒரு பொருளும் வாங்காமல் எடை பார்த்துவிட்டுப் போவாராம். அதைச் சொல்லி நடித்துக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு அடக்கேலாமல் போனது. பல் வைத்தியம் கிடைக்கிறதோ இல்லையோ, இந்த மூன்று மணி இப்படியே இருக்கட்டும் என்று ஒருநாள் நினைத்தேன். நினைத்ததற்குப் பிறகு வெட்கமாக இருந்தது.

4

சோதனைக்கு மூன்று கிழமை இருந்தது. விமானச் சீட்டு எடுத்தாகிவிட்டது. ரஜனி தர்சிக்கென்று அறை ஒழுங்குபண்ணிவிட்டதாகப் படம் அனுப்பியிருந்தாள். மூன்றாம் தேர்வின் பிரதிகளையும் ஐந்தாம் தேர்வின் பிரதிகளையும் பிள்ளை எழுதியெழுதி முடித்திருந்ததால் புதிதாக அச்செடுத்து வந்தேன். அன்று மூன்றாம் தேர்வை ஏழாவது தரமாகச் செய்தாள். தொண்ணூறுக்கு எண்பத்தாறு. தாள் மடித்துத் துளை போடுகிற பகுதியில் மட்டும் பதினைந்துக்குப் பதின்மூன்று. அந்தப் பதினைந்தும் பதினோராம் பக்கத்தில் இருந்தன.

அந்தப் பிழையான இரண்டையும் நானே விளங்கிக்கொண்டு அவளுக்குச் சொல்லவேண்டுமென்று ஒரு ஆசை. அடுத்த நாள் திருத்திய தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். மோர்டனில் சாப்பாட்டு இடைவேளை. புட்டைத் திறந்து வைத்துவிட்டு, டியூட்டி எழுதித் தருகிற கடதாசியைச் சதுரமாகக் கிழித்து, பதினோராம் பக்கத்தில் போட்டிருந்த மாதிரியே மடித்தேன். பேனையால் குத்தினேன், விரித்தேன். ஒன்பதாம் கேள்விக்கு எனக்கு வந்தது ஈ. தர்சி எழுதியது டி. விடைப்பட்டியலில் பி.

மூன்று பேருக்கு மூன்று விடை. சரி, எனக்குத்தான் மடிக்கத் தெரியவில்லை என்று அடுத்ததைச் செய்தேன். பத்தாம் கேள்விக்கு எனக்கு ஏ வந்தது. பட்டியலில் சி. பதினொன்றும் அப்படி, பன்னிரண்டும் அப்படி. கையில் துளைபோட்ட கடதாசி கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, அது பொய் சொல்லாது. பட்டியல்தான் பிழை என்று முடிவெடுத்தேன். பஸ் ஓட்டுகிற நான் ஒரு கனடா நிறுவனத்தின் பிழையைப் பிடித்துவிட்டேன். புட்டு ஆறிப்போனது கூடத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, என் நாலு விடைகளையும் சேர்த்து அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். தர்சிக்குக் காட்டவில்லை, காட்டினால் ஆங்கிலத்தைத் திருத்துவாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பழகிய கடித நடையில், மிகவும் தாழ்மையாகத் தொடங்கி, நடுவில் உங்கள் அசட்டையால் பிள்ளைகளின் எதிர்காலம் பாழாகிறது என்று உரத்து, கடைசியில் ஆவன செய்யும்படி பணிவோடு கேட்டு முடித்தேன். வாசித்துப் பார்க்க எனக்கே நல்ல திருப்தி.

அடுத்த நாள் மத்தியானம் ஒரு பெண்ணிடமிருந்து பதில் வந்தது. கோபம் இல்லை, நக்கலும் இல்லை. நீங்கள் இவ்வளவு கவனமாகச் செய்து பார்த்ததற்கு நன்றி என்று தொடங்கியிருந்தாள். படத்தில் இருக்கும் பக்கம் மூன்றாம் தேர்வுக்குரியது அல்ல, ஐந்தாம் தேர்வின் பதினோராம் பக்கம், கீழே மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும் இலக்கத்தைப் பாருங்கள் என்று எழுதியிருந்தாள். அச்செடுக்கும்போது மாறியிருக்கலாம். ஐந்தாம் தேர்வின் பட்டியலோடு பார்த்தால் உங்களுடைய விடைகள் நான்கும் சரி, பாராட்டுகள்.

மூலையைப் பார்த்தேன். ஐந்துதான். லைப்ரரியில் இரண்டு கட்டையும் ஒன்றாக எடுத்து ஊசி அடித்தபோது நான்தான் மாற்றியிருக்கிறேன். என்னுடைய நாலும் சரி என்பதில் ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். அதன்பிறகுதான் மற்றது உறைத்தது.

பக்கம் ஐந்தாம் தேர்வினுடையது. பிள்ளை எழுதிய விடைகள் மூன்றாம் தேர்வின் பட்டியலோடு பதின்மூன்று பொருந்துகின்றன. அதாவது, அந்தத் தாளில் இல்லாத கேள்விகளுக்குத்தான் அவள் சரியான விடை எழுதியிருக்கிறாள். படத்தை அவள் பார்க்கவேயில்லை. இலக்கத்தைப் பார்த்திருக்கிறாள், கை எழுதியிருக்கிறது. நானும் படத்தைப் பார்க்கவில்லை. பட்டியலைப் பார்த்திருக்கிறேன், சரி போட்டிருக்கிறேன். இரண்டு மாதமாக நாங்கள் இரண்டு பேரும் அந்த மேசையில் செய்தது இதுதான்.

5

கோமதி பாடசாலையால் வந்ததும் அவளிடம் சொன்னேன். அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"இப்ப சொன்னா உடைஞ்சு போவாள். இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கு. சந்தோசமாப் போய் எழுதட்டும் எண்டு பாக்கிறன்" என்றேன்.

"அங்க போய்ப் புதுப் பேப்பரைக் கண்டு உடையட்டும் எண்டு சொல்லுறியளோ?"

"இல்லையப்பா, நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள். நீங்களே சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

மூன்று மணிக்குத் தர்சி வந்து எனக்கு எதிரே இருந்தாள். பென்சிலைச் சீவி வைத்திருந்தாள். நான் அவளுக்கு முன்னால் அந்தப் பக்கத்தை வைத்து, மூலையிலிருந்த இலக்கத்தைக் காட்டினேன். அவள் கெட்டிக்காரி, விளங்கப்படுத்தத் தேவை இருக்கவில்லை. முகம் வெளிறியது.

எங்கள் அப்பா எனக்கு ஒருநாளும் தான் பிழை விட்டதாகச் சொன்னதில்லை. அவர் விடாமல் இருந்திருக்க மாட்டார், ஆனால் சொன்னதில்லை. நானும் தர்சிக்குச் சொன்னதில்லை. அந்தச் சொல் வாயில் பழகாத சொல். "பிள்ளை, இது என்ர பிழை. நான் சொல்லித் தந்த முறை பிழை. உன்னில ஒண்டும் இல்லை" என்றேன்.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"எனக்குக் கொஞ்சம் தெரியும் அப்பா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"கை தானா எழுதுது எண்டு. லைக், நாலாம் தரம் செய்யேக்கையே தெரியும்."

"பின்னை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் அவ்வளவு சந்தோசமா இருந்தனீங்கள். பிரிட்ஜில எழுதி எழுதி வைச்சனீங்கள். எப்பிடிச் சொல்லுறது?"

நான் அவளோடு இருக்கவேண்டுமென்று தாள்களைப் புரட்டினேன். அவள் என் சந்தோஷம் கெடக்கூடாதென்று விடைகளை எழுதினாள். இவள் எங்களை விட்டுத் தூரப்போய்விட்டாள் என்று நான் எத்தனையோ பேரிடம் குறைபட்டிருக்கிறேன். இனிமேல் அந்தக் குறையைச் சொல்ல எனக்கு வாயில்லை. எழும்பிப்போய்க் குளிர்பெட்டிக் கதவிலிருந்த தாளைக் கிழித்தேன். தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தேன். இரண்டு பேரும் குடித்தோம்.

"பூட்டி வைச்ச நாலும் இருக்குத்தானே?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"தாங்க் காட்" என்றாள். என் ரியூஷன் சட்டத்தால் கிடைத்த ஒரே நன்மை அதுதான்.

6

அன்றைக்கே ஏழாம் தேர்வைத் தொடங்கினாள். இந்தத் தரம் கணினியில். நான் பக்கத்தில் இருக்கவில்லை. தொண்ணூறுக்கு ஐம்பத்திரண்டு. முதன்முதலாக எடுத்த நாற்பத்தொன்பதைவிட மூன்று கூட. இரண்டு மாதத்துக்கு மூன்று.

அதன்பிறகு முறையை அவளே வகுத்தாள். ஒரு புதுத் தேர்வு செய்தால் அடுத்த நாலு நாளும் வேறு தேர்வு கிடையாது. பிழைவிட்ட கேள்விகளை மட்டும் எடுத்து, பட்டியலைப் பார்க்காமல், சரியான விடை ஏன் சரி என்று மட்டுமல்ல, மற்ற நாலும் ஏன் பிழை என்றும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொல்ல முடியாததைக் கையால் செய்து பார்க்கவேண்டும். என் சிவப்புப் பேனை வேலை போய்விட்டது. எனக்குத் தரப்பட்ட உத்தியோகம், கடதாசியைச் சதுரம் சதுரமாக வெட்டிக்கொடுப்பது. கோமதி தன் பாடசாலையில் கேட்டு, சின்னப் பிள்ளைகள் அடுக்கி விளையாடும் மரக்கட்டைப் பெட்டி ஒன்றை இரவல் வாங்கி வந்தாள். இருபத்துமூன்று வயதுப் பிள்ளை மேசையில் கட்டை அடுக்கி, குனிந்து, எட்டி, பின்னால் போய்ப் பார்த்தாள்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "அப்பா, பெட்டியை எண்ணேக்க எனக்கு எப்பவும் ஒண்டு குறையுது. ஏன் தெரியுமோ? மேல ஒண்டு இருந்தா அதைத் தாங்கக் கீழையும் ஒண்டு இருக்க வேணும். நான் தெரியிறதை மட்டும் எண்ணுறன்" என்றாள். ஆறு தேர்வை ஏழேழு தரம் திருத்திய எனக்கு இது ஒருநாளும் கண்ணில் படவில்லை. பட்டியலில் இது எழுதியிருக்காது.

எட்டாம் தேர்வில் ஐம்பத்தெட்டு வந்தது. ஒன்பதில் அறுபத்துமூன்று. பத்தாவதை விமானம் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பு செய்தாள். அறுபத்தாறு. எண்பத்தாறைப் பார்த்த கண்ணுக்கு அது சின்ன எண்தான். ஆனால் அவள் முகத்தில் பழைய பயம் இருக்கவில்லை. அதை நான் கவனித்தேன். இப்போதெல்லாம் எனக்கும் கொஞ்சம் பார்க்க வருகிறது.

அந்தப் பத்தொன்பது நாளில் எனக்கு யார் யாரோ உதவினார்கள். விமான நிலையத்துக்குப் போகும் நாளில் தன் ஓய்வு நாளைத் தந்து என் டியூட்டியைச் செய்தவர் ஒரு போலந்துக்காரர். மருந்துக்கடை மனேஜர், ஒரு குஜராத்தி அம்மா, இரண்டு கிழமை லீவைச் சம்பளத்தோடு கொடுத்து, "போய் எழுதிவிட்டு வா, இந்தக் கடை ஓடிப்போகாது" என்றாராம். கனடா நிறுவனத்துப் பெண்ணுக்கு இரண்டாவது மின்னஞ்சல் எழுதி மன்னிப்புக் கேட்டேன். அதைத் தர்சி திருத்தித் தந்தாள். இந்த நாட்டில் அலுவலகங்களோடு மல்லுக்கட்டியதை எழுதச் சொன்னால் நான் புத்தகமே எழுதுவேன். அதற்குச் சமமாக இவர்களையும் எழுதாவிட்டால் அது நியாயமில்லை.

7

சோதனை நாளன்று நான் வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் கோமதியின் உயிரை எடுத்திருப்பேன். மாலையில் தர்சி ரஜனியின் வீட்டிலிருந்து கதைத்தாள்.

"எப்பிடி பிள்ளை?"

"ஓகே அப்பா. ஒரு கேள்வி நாங்கள் செய்தது மாதிரியே இருந்தது. துளை போடுறது. கை சி-க்குப் போட்டுது."

"பிறகு?"

"எடுத்திட்டன். திரும்ப மடிச்சுப் பாத்தன், மனசுக்க. அது ஈ."

தொலைபேசியைக் கோமதியிடம் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனேன்.

பெறுபேறு ஐந்து கிழமையில் வந்தது. அவள் விண்ணப்பித்த மூன்று கல்லூரிகளில் இரண்டு, போதாது என்றன. மூன்றாவது நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. நேர்முகத்தில் அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். நீங்கள் தோற்ற ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள் என்றார்களாம். "பேஜ் லெவனைச் சொன்னனான்" என்றாள். என் முட்டாள்தனம் கனடாவில் மூன்று பேராசிரியர்கள் முன்னால் போய் இருந்திருக்கிறது. அவர்கள் இடம் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது அவளுடைய நாளும் என்னுடைய நாளும் ஐந்து மணித்தியாலம் விலகி ஓடுகின்றன. நான் முன்பு ஊரிலிருந்த என் அம்மாவோடு கதைத்த மாதிரியே அவளும் ஞாயிற்றுக்கிழமைகளில் கதைக்கிறாள். வீடு வெறிச்சென்றுதான் இருக்கிறது. மூன்று மணிக்கு மேசைக்கு முன்னால் போய் நின்றுவிட்டுத் திரும்புகிற பழக்கம் எனக்கு இன்னும் விடவில்லை. கவலை என்று சொல்லமாட்டேன். அப்படி ஒரு இரண்டு மாதம் எத்தனை தகப்பனுக்குக் கிடைக்கும்?

இந்தச் செவ்வாய்க்கிழமை பிற்பகல் டியூட்டி. இடைவேளையில் இருந்தபோது தர்சி இரண்டு படம் அனுப்பினாள். இரண்டிலும் ஒரு கடைவாய்ப்பல், மெழுகில் செதுக்கியது. முதலாம் வருடத்தில் இப்படித்தான் பழக்குகிறார்களாம். ஒன்று அவளுடைய விரிவுரையாளர் செய்தது, மற்றது அவள் செய்தது. எது தன்னுடையது என்று கேட்டிருந்தாள்.

எனக்கு இரண்டும் ஒரே பல்லாகத்தான் தெரிந்தன. படத்தைப் பெரிதாக்கினேன். தொலைபேசியைத் திருப்பித் திருப்பிப் பிடித்தேன். தேத்தண்ணி ஆறியது. எதிரே இருந்த சாரதி என்ன பார்க்கிறாய் என்று கேட்டார். மகள் என்றேன். கடைசியில் இடதுபக்கப் படத்தில் உட்சுவர் கொஞ்சம் சரிந்து, பின்பக்கக் குழி அளவுக்கு மேல் ஆழமாக இருப்பதைக் கண்டேன். இடது என்று எழுதினேன்.

உடனே அழைத்தாள். "கரெக்ட். எப்பிடித் தெரியும்? ஆர் சொன்னது, ரஜனி மாமியோ?"

"ஒருத்தரும் சொல்லேல்லைப் பிள்ளை. நான் பாத்தனான்" என்றேன்.